மன்னரின் பிடரிப் புண்

முன்னொரு காலத்தில், பேர் எதற்கு, ஏதோ ஒரு நாட்டு மன்னரின் பிடரியில் கொசு கடித்தது. கொசு போய்விட்டது, அரிப்பு போகவில்லை. அரண்மனை விகடகவி வெண்காடன் பரிதாபப்பட்டுக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிவிட்டான். அதுவே அவனுக்கு வினையாயிற்று. சில நாளில் தடிப்பு புண்ணாகிவிட்டது.

வெண்காடனைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் மாறவேளுக்கு இது போதாதா? "மன்னா, இந்தக் கோமாளியின் கை பட்டதால்தான் புண் முற்றிவிட்டது" என்று போட்டுக்கொடுத்தார்.

மன்னருக்கோ எரிச்சல் தலைக்கேறியிருந்தது. "புண்ணைக் கிளறிய கை எதுவோ, அதை இன்று பொழுது சாய்வதற்குள் வெட்டுங்கள்!"

வெண்காடன் தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கை போனால் சோற்றை எதால் அள்ளுவது? ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "உத்தரவு, பிரபு. அந்தக் கையை நானே பிடித்துத் தருகிறேன். அதுவரை புண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சிலை பூச அனுமதி வேண்டும்."

"பூசித் தொலை!"

கைபடாமல் ஒரு குச்சியால் பூசினான். மன்னர் வழக்கு விசாரிக்க உட்கார்ந்தார். வரப்புத் தகராறு ஒன்று வந்தது; கை பிடரிக்குப் போனது. "கோபம் வேண்டாம் மன்னா, உடம்புக்கு ஆகாது" என்றார் மாறவேள். அவ்வளவுதான், கோபம் இரட்டிப்பானது, சொறிவதும்தான்.

பொழுது சாய்ந்தது. "எங்கேடா அந்தக் கை?"

"சபையோர் எல்லோரும் கையை நீட்டுங்கள் ஐயா. நான் பூசியது மருதாணி. தொட்ட கை தப்பாது."

மாறவேள் முந்திக்கொண்டு நீட்டினார். கறையே இல்லை. வெண்காடன் கையிலும் இல்லை, சபையில் எவர் கையிலும் இல்லை. மன்னர் மெல்லத் தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களெல்லாம் கல்யாணப் பெண்ணுக்குச் சிவந்த மாதிரிச் சிவந்திருந்தன. வாளோடு நின்ற காவலன் வாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வெட்ட வேண்டாம் பிரபு," என்றான் வெண்காடன். "புண் ஆறும்வரை கட்டிவைத்தால் போதும். இடக்கையையும் சேர்த்துத்தான், அதற்கும் ஆசை வரும்."

மன்னர் முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கை பிடரிக்குப் போக, "கட்டுடா, சீக்கிரம் கட்டு!" என்று அலறினார். வெண்காடன் பட்டுத்துண்டால் இரு கைகளையும் கட்டினான்.

"என் முத்துமாலை உனக்குத்தான். ஆனால் கழற்றிப் போட எனக்குக் கை இல்லையே!"

"அதற்கென்ன பிரபு, அமைச்சரின் கைதான் சுத்தமாக இருக்கிறதே!"

மாறவேள் பல்லைக் கடித்துக்கொண்டு மாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். சபையே கைதட்டியது. மன்னர் மட்டும் தட்ட முடியாமல், காலால் தரையை உதைத்து உதைத்துச் சிரித்தார்.