இலை உதிர்ந்த இலுப்பை

மலைகளுக்கு யாரும் பேர் வைக்காத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். ஓர் அடிவாரத்தில் ஒற்றை இலுப்பை மரம். அதன் பக்கத்துப் பாறைக் குகையில் கருக்கன் என்றொரு கரடி, அவன் பெண்டாட்டி பூவாயி, இலுப்பைப் பூவையே தின்றறியாத அவர்கள் பெண்குட்டி.

“முதல் பூவை நானே உன் வாயில போடுவேன்” என்று குட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தான் கருக்கன். அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போது மாசி மாதம். பூவுக்கு இன்னும் நாள் இருந்தது. பூவாயி கிழங்கு தோண்டித் தந்தாள். “ஒரே நார்” என்றான். கறையான் புற்றைக் கிளறித் தந்தாள். “ஒரே மண்” என்றான். சூரைப்பழம் கொண்டுவந்தாள், “புளிக்குது” என்றான். பட்டினி கிடந்தால் பூ சீக்கிரம் வந்துவிடுமா என்ன?

போய்ப் பார்த்தான், மரத்தில் இலை பழுத்திருந்தது. மறுபடி பார்த்தான், உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறை பார்த்தான், ஓர் இலைகூட இல்லை. வருஷா வருஷம் பூ வாசம் வந்த பிறகே மரத்தடிக்கு வருகிறவன் அவன். பூக்குமுன் மரம் எப்படி நிற்கும் என்று அவனுக்கு எங்கே தெரியும்?

“மரம் செத்துப்போச்சுடி!” என்று அலறினான்.

“இருந்து பார்ப்போமே. புத்துல இன்னும் கறையான் இருக்கு” என்றாள் பூவாயி.

அவன் நிற்கவில்லை. குட்டிக்குப் பூ தேடிக் கிளம்பிவிட்டான்.

முதல் மலையில் இலுப்பையே இல்லை. இரண்டாம் மலையில் மரம் இருந்தது, பூ இல்லை. மூன்றாம் மலையில் புற்றைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண்கரடியிடம், “எங்க மரம் மொட்டையாப் போச்சு, இங்க பூ கிடைக்குமா?” என்று கேட்டான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அட கூறுகெட்டவனே, மொட்டையானாத்தானே பூ கொட்டும்! வீட்டுல விருந்தை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?”

ஓடினான். பாதம் கிழிய ஓடினான். வந்து பார்த்தால், பூக்காலமே முடிந்து மரம் முழுக்கச் செம்புநிறத்தில் புதுத்தளிர். தரையில் ஒரு பூகூட மிச்சமில்லை.

கொழுகொழுவென்றிருந்த குட்டி ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. “அப்பா, பூ அவ்வளவு இனிப்பு! அம்மாதான் முதல் பூ ஊட்டிச்சு. நீ எங்க போயிருந்தே?”

பூவாயி ஒரு புற்றைக் கிளறிக் கொடுத்தாள். கருக்கன் மண்ணோடு சேர்த்துத் தின்றான்.

ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களே, அந்தந்தப் பருவம் தருவதைத் தின்று பொறுத்திருப்பவருக்கே அடுத்த பருவத்தின் இனிப்பு வாய்க்கும்.