பக்கத்து வீட்டுச் சீட்டு

ஒரு மேட்டைச் சுற்றி இருபத்திரண்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சூரிய மின்சாரம், ஒரே பேட்டரி அறை. அங்கே குரு, அமிர்தவல்லி அம்மை. சீடர்களில் மூத்தவர் தணிகாசலம். இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மையைவிட இருபது வயது பெரியவர், கணக்கில் புலி. புலிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஐப்பசி மழையில் பாதி பேட்டரிகள் கெட்டுப்போயின. மிஞ்சியது நாளொன்றுக்கு முப்பது யூனிட். தணிகாசலம் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். அம்மை மட்டும், "பார்த்துப் போடுங்க" என்றார்.

கூட்டினால் நாற்பத்தேழு வந்தது.

"நாளையிலேர்ந்து எல்லா வீட்டு ஃப்ரிட்ஜையும் நிறுத்தணும்மா. வேற வழியில்ல."

"இன்னொரு தடவை கேளுங்க இன்ஜினியர் சார். வலப்பக்கத்து வீட்டுக்கு என்ன வேணும்னு ஒவ்வொருத்தரும் சீட்டுல எழுதட்டும்."

"என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டுதான். போயிட்டு வாங்க."

சாயங்காலம் பேட்டரி அறை வாசலில் உட்கார்ந்து இருவரும் சீட்டுகளைப் பிரித்தார்கள்.

'சாரதா டீச்சர் எட்டு மணிக்கே படுத்துடுவாங்க. ஒரு லைட் போதும்.'

'காசிம் பாய் வீட்டு ஃப்ரிட்ஜில கை வைக்காதீங்க. இன்சுலின் இருக்கு.'

தணிகாசலம் அந்தச் சீட்டை இன்னொரு தடவை படித்தார். "நாளைக்கு நிறுத்தியிருப்பேனே! அவர் ஏன் சொல்லல?"

"நீங்க எவ்வளவுன்னுதானே கேட்டீங்க?"

அடுத்த சீட்டு அவர் வீட்டைப் பற்றியது. 'சார் வீட்டு ஃபேன் ராத்திரி முழுக்க ஓடட்டும். அவர் வீட்டுக்கார அக்கா செத்துப்போனதிலேர்ந்து அந்தச் சத்தம் இல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராது.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகைதான்; அதை அவர் மறைக்கவும் இல்லை.

எல்லாவற்றையும் யூனிட் கணக்காக்கிக் கூட்டினார். இருபத்தேழு.

"மிச்சமே இருக்கும்மா!"

"எத்தனை சீட்டு?"

எண்ணினார். "இருபத்தொண்ணு. ஒண்ணு குறையுது. யாரு எழுதல?"

அம்மை சிரித்துக்கொண்டே ஒரு வெற்றுச் சீட்டை அவரிடம் நீட்டினார். "உங்க வலப்பக்கம் இருக்கிறது என் வீடு."

தணிகாசலம் பென்சிலை எடுத்தார். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் பாடம் கேட்கப் போகிறவர் அவர். வெகுநேரம் ஆகியும் சீட்டில் ஒரு எழுத்துகூட விழவில்லை.