தடிப் புத்தகமும் ஒற்றைத் தாளும்

மதிலுக்கு வெளியே பைக் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த குலசேகரனின் கை நின்றுபோயிற்று.

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பகல் நீளம் தாங்காமல் இந்த மடத்தில் சீடராகச் சேர்ந்தவர் அவர். குரு ஆவுடைத்தாய் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"யார் ஐயா?"

"பத்மநாபன், தாயே. பங்கு விற்கிறவர். செக் வாங்க வந்திருக்கார்."

"எவ்வளவு?"

"ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் மகள் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கென்று இருப்பது இது ஒன்றுதான்."

பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று, சந்தையில் பங்கு வெளியிடும் ஒரு கம்பெனியின் அறிக்கை. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தது, செங்கல் கனம். மற்றது, தான் விற்கும் வேறொரு கம்பெனியின் பங்கைப் பற்றிப் பத்மநாபன் கொடுத்த பளபளப்பான ஒற்றைத் தாள்.

"இந்தத் தடிப் புத்தகத்தைப் படித்துப் பயந்துபோனேன், தாயே. 'எங்கள் மேல் வழக்கு இருக்கு, கடன் இருக்கு, ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கோம்' என்று முப்பது பக்கத்துக்கு ஒப்பாரி. இந்தத் தாளில் பாருங்கள், ஒரு குறை கிடையாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி கிபி என்று எந்தத் தொல்லையும் இல்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும் தருகிறோம் என்கிறார்."

"புத்தகக் கம்பெனிக்காரர்கள் அவ்வளவு யோக்கியமா? தங்கள் புண்ணைத் தாங்களே காட்டுகிறார்களே!"

குலசேகரன் சிரித்துவிட்டார். "எங்கே! எழுதாவிட்டால் அரசாங்கம் விற்க விடாது. மறைத்தது தெரிந்தால் அபராதம், வழக்கு."

"அப்படியா? பத்மநாபனிடமும் ஒன்று எழுதி வாங்கி வாருங்கள். என்னென்ன கெடலாம் என்று. கையெழுத்தோடு."

போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"என்ன சொன்னார்?"

"'சாமியார் பேச்சைக் கேட்டுப் பங்கு வாங்கினா விபூதிதான் சார் மிஞ்சும்'னு கிண்டல் பண்றார். எழுத மாட்டாராம். ஐந்து நிமிஷம் நிற்பாராம்."

ஆவுடைத்தாயும் சிரித்தார். பிறகு கேட்டார்: "மகளுக்கு வரன் கொண்டுவந்த தரகர், மாப்பிள்ளைக்கு என்ன குறை சொன்னார்?"

குலசேகரன் தரையைப் பார்த்தார்.

"ஒன்றும் சொல்லவில்லை, தாயே."

"நீங்கள் கேட்டீர்களா?"

"தரகர் தூரத்துச் சொந்தம். கேட்டால் முகம் கோணுமே என்று..."

வெளியே ஹாரன் நீளமாக அடித்தது. குலசேகரன் எழுந்திருக்கவில்லை. சற்றைக்கெல்லாம் பைக் உறுமிக்கொண்டு போய்விட்டது.

செக்கைப் பைக்குள் திணித்தவர் தடிப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்போ இதில் போட்டால் பணம் போகாதா, தாயே?"

ஆவுடைத்தாய் புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைத் தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"போகாது என்று யார் சொன்னது? முழுப் பணமும் போகலாம் என்று இங்கேயே எழுதியிருக்கிறது. மீதியையும் படித்துவிட்டு வந்து கேளுங்கள்."

குலசேகரன் அடுத்த கீரைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.