இரண்டாவது சாய்வு

தூத்துக்குடியில் ரோஸ்லினை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஸ் போட்டின் பின்பலகையில் இன்ஜினை எந்த உயரத்தில் மாட்டினால் என்ன வேகம் வரும் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். வேறு யாரிடம் கேட்டாலும், அவளிடம் கேட்டுவிட்டு வந்துதான் சொல்வார்கள்.

தஸ்நேவிஸ் அவளுடைய சீடன். அவளைவிட எட்டு வயது மூத்தவன். இருபது வருடம் விசைப்படகில் ஸ்டியரிங் பிடித்தவன், ஏழு மாதமாக ஞானதுரை முதலாளியின் ரேஸ் போட்டை ஓட்டுகிறான். முதலாளிக்கு உப்பளம் உண்டு. பொறுமை கிடையாது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவேன். நூத்திப்பத்தைத் தொட்டிருக்கணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை ரேஸைக் கொச்சிக்காரன் ஓட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு தஸ்நேவிஸ் முதல் ஓட்டம் ஓட்டினான். நூற்றி நான்கு கிலோமீட்டர் வரை போட் ஒழுங்காகப் போனது. அதற்கு மேல் ஆடியது. இடம், வலம், இடம், வலம். வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்பினான். கயிற்றைக் கட்டும் முன்பே பேச ஆரம்பித்தான்.

"ஆசான், இன்ஜினை அரை இஞ்ச் ஏத்துங்க."

"ஏன்?"

"ஏத்தினா தண்ணியில இழுவை கொறையும். வேகம் வரும்."

"அது நான் சொல்லிக் குடுத்தது. உங்களுக்கு ஏன் ஏத்தணும்?"

"ஆடுது."

"முதல்ல எந்தப் பக்கம் சாயுது?"

"ரெண்டு பக்கமும்தான்."

"முதல்ல?"

"அதையெல்லாம் பாக்க முடியுமா? அந்த வேகத்துல உசுரைக் கையில பிடிச்சிட்டு இருக்கேன்."

"உசுரை விட்டுட்டு ஸ்டியரிங்கைப் பிடிங்கண்ணே. போய்ப் பாத்துட்டு வாங்க."

போனான். ஆடியது. வந்தான். பார்க்க மறந்திருந்தான். மறுபடியும் போனான்.

ஷெட்டின் தகரக் கதவில் ஆசான் சாக்பீஸால் ஐந்து கட்டம் போட்டு வைத்திருந்தாள். இன்ஜின் உயரம், ட்ரிம் எனும் இன்ஜின் கோணம், புரொப்பல்லர், வேகம். ஐந்தாவது கட்டம், மாற்றியது. ஒரு ஓட்டத்துக்கு ஒன்றைத்தான் மாற்றலாம் என்பது அவள் சட்டம். மாற்றியதைக் கதவில் எழுதாமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

மதியத்துக்குள் நான்கு ஓட்டம் ஆகிவிட்டது. கதவில் நான்கு தடவையும் நூற்றி நான்கு. ஐந்தாவது கட்டம் நான்கு தடவையும் காலி.

தஸ்நேவிஸுக்குச் சோறு இறங்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தான், மூடினான். படகுத்துறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். செல்போனில் மணி பார்த்தான். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தான்.

ஆசான் சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டைத் தளர்த்தி இன்ஜினை அரை இஞ்ச் ஏற்றி இறுக்கினான். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றை அவிழ்த்தான்.

நூற்றி ஆறு வந்தது. நூற்றி ஏழு வந்தது. வாய்விட்டுக் கத்தினான். அடுத்த நொடி போட் இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினான். வலப்பக்கம் விழுந்தது. திருப்பினான். இடப்பக்கம் இன்னும் ஆழமாக விழுந்தது. ஒரு கணம் கண்முன்னால் கடல் இல்லை, வானம் மட்டும் இருந்தது. வேகத்தை ஒரேயடியாக விட்டான். போட் தொப்பென்று உட்கார்ந்தது.

கரைக்கு வந்தபோது ஆசான் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தாள். இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் எப்போதும் சுண்டுவிரல் பருமனுக்குப் பீய்ச்சும். இப்போது நூல் மாதிரி வந்தது.

"கையைக் குடுங்கண்ணே."

கொடுத்தான். பிடித்து அந்தத் தண்ணீரில் காட்டினாள்.

"ஆத்தாடி! சுடுது!"

"இன்ஜினுக்கும் சுடும். ஏத்தி மாட்டினா அது தண்ணியோட சேத்துக் காத்தையும் குடிக்கும். எத்தனை?"

"நூத்தி ஏழு."

"வேகத்தைக் கேக்கலை. எத்தனை இஞ்ச்?"

தலைகுனிந்தான். "அரை."

கதவைப் பார்த்து மோவாயை ஆட்டினாள். போய் எழுதினான். உயரம் அரை இஞ்ச் கூட. வேகம் நூற்றி ஏழு. மாற்றியது, உயரம்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்கன்னு எழுதலையா?"

"அதுக்குக் கட்டம் இல்லையே, ஆசான்."

அவள் சிரிக்கவில்லை. இன்ஜினைப் பழைய உயரத்துக்கு இறக்கினாள். தண்ணீர் பழைய பருமனுக்கு வந்தது. மணி மூன்று.

"மூணு ஆயிட்டு. எதையாவது மாத்துங்க" என்றான் தஸ்நேவிஸ். "வேற புரொப்பல்லர் போடுவோம். ட்ரிம்மைத் தூக்குவோம். பெட்ரோலைக் கொறைப்போம். ஏதாவது செய்யுங்க. இப்படிச் சும்மா நிக்காதீங்க. என் எடம் போயிரும்."

ஆசான் ஷெட்டுக்குள் போனாள். தச்சுப் பென்சில் ஒன்றும், போன மாதத்துக் காலண்டர் தாள் ஒன்றும் எடுத்து வந்தாள். தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியும்படி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒட்டினாள். பென்சிலின் முனை தாளைத் தொடும்படி ஸ்டியரிங் கம்பியில் வைத்துக் காட்டினாள்.

"மிதவை வரைக்கும் மெதுவாப் போங்க. அங்க நிறுத்திட்டு இதை இந்த மாதிரி கட்டுங்க. நேரா ஓட்டுங்க. நின்னதும் அவிழ்த்திருங்க."

"எதுக்கு?"

"போட்டு ஆடுது, போட்டு ஆடுதுங்கீங்க. அது என்ன எழுதுதுன்னு பாப்போம்."

"பள்ளிக்கூடமா நடத்துதீங்க? மூணேகால் ஆவுது!"

"பேசினா மூணரை ஆவும்."

போனான். ஆடியது. இந்தத் தடவை பார்த்தான். வந்தான்.

ஆசான் தாளை உரித்தெடுத்தாள். அதில் பிறை மாதிரி ஒரு கறுப்புத் தடம். ஒரு சாண் நீளம். நடுவில் தாள் கிழிந்தே போயிருந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். கிழிசல் வழியாக வெளிச்சம் வந்து அவன் சட்டையில் விழுந்தது.

"நேராப் போறதுக்கு இவ்வளவு திருப்பணுமா?"

"சாயுதுல்ல. திருப்பாம என்ன செய்ய? விசைப்படகுல நாங்க..."

"விசைப்படகுல நீங்க திருப்பி, ஒரு பீடியைப் பத்த வெச்சு, ரெண்டு இழுப்பு இழுத்த பெறவுதான் அது திரும்பும். இது நீங்க நெனைச்ச உடனேயே திரும்பிரும்."

அவன் தாளின் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தான்.

"முதல் சாய்வு எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"எல்லாத் தடவையுமா?"

"எத்தனை தடவை வேகம் கூட்டினேனோ அத்தனை தடவையும் இடப்பக்கம்தான்."

"புரொப்பல்லர் சுத்துற சுத்துக்குப் போட்டு அந்தப் பக்கம் சாயும். சாஞ்சுட்டு நிமிரும். அது அதோட வேலை. ரெண்டாவது சாய்வு வலப்பக்கம் வருதே, அது யாரு?"

தஸ்நேவிஸ் தாளைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

முதலாளி ஐந்து மணி என்று சொன்னவர் நாலரைக்கே வந்துவிட்டார். காரை விட்டு இறங்கும்போதே காதில் செல்போன்.

"கொச்சிக்காரன் லைன்லதான் இருக்கான். டிக்கெட் எடுக்கவா வேண்டாமான்னு கேக்கான். என்ன சொல்லட்டும்?"

"லைன்லயே இருக்கச் சொல்லுங்க" என்றாள் ஆசான். "அஞ்சு நிமிசம்."

தஸ்நேவிஸ் போட்டில் இறங்கினான். ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான்.

"எதையும் மாத்தலையா?"

"மாத்தலை."

மிதவையைத் தாண்டி வேகத்தைக் கூட்டினான். தொண்ணூறு. நூறு. நூற்றி நான்கைப் பார்த்ததும் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தான். தூரத்தில் கலங்கரை விளக்கம். அதையே பார்த்தான்.

போட் இடப்பக்கம் சாய்ந்தது.

கை திருப்பப் பார்த்தது. தோள் திருப்பப் பார்த்தது. இருபது வருடம் முழுக்கத் திருப்பப் பார்த்தது. பல்லைக் கடித்தான். ஸ்டியரிங்கை இறுக்காமல் விடாமல் அப்படியே பிடித்தான்.

போட் நிமிர்ந்தது.

மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்தது. வலப்பக்கம் வரவே இல்லை. தண்ணீர்ச் சத்தம் குறைந்து காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. கை மட்டும் திருப்பத் துடித்துக்கொண்டே இருந்தது, கடைசி வரை.

கரைக்கு வந்தான். "எவ்வளவு?" என்று முதலாளி கேட்டார்.

"பாக்கலை மொதலாளி."

"பாக்கலையா! எதுக்குவே போனீரு அப்பம்?"

அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டுக்குள் குதித்தார். மீட்டரில் இருந்த உச்ச வேகத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு செல்போனைக் காதில் வைத்தார்.

"டிக்கெட் எடுக்க வேண்டாம்ப்பா. நம்ம ஆளே ஓட்டுவான்."

கார் போய்விட்டது.

தஸ்நேவிஸ் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனான். எழுதினான். உயரம், பழையது. ட்ரிம், பழையது. புரொப்பல்லர், பழையது. வேகம், நூற்றிப் பன்னிரண்டு. ஐந்தாவது கட்டத்தில் கை நின்றது.

"ஆசான், மாத்தினதுக்கு நேரா என்ன எழுத?"

அவள் இன்ஜினுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"போல்ட் போட்டு இறுக்கினதைத்தான் அங்க எழுதணும்."

"அப்ப இதை?"

"ஞாயித்துக்கிழமை காலையில வந்து பாருங்க. கை இருந்த எடத்துலயே இருந்தா எழுதுங்க."