எதிர்வரிசை

கொள்ளிடக் கரையில் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆசிரமம். அங்கே இப்போது இரண்டு பேர்தான். ஒருவர் ஞானாதிக்க சாமி, எண்பதை நெருங்குகிறவர். இன்னொருவன் அவருடைய சீடன் சவரிராயன். நாற்பதைத் தாண்டியவன், மகா கெட்டிக்காரன்.

போன வருஷம் வரை சீடர்கள் நான்கு பேர் இருந்தார்கள். தொம்மையின் பாட்டு சாமிக்குப் பிடிக்கவில்லையாம் என்று அவன் காதில் போட்டது சவரிராயன்தான். ரோஷக்காரன் தொம்மை மறுநாளே பெட்டியைக் கட்டினான். ஊரில் உன் அம்மா கேட்பாரற்றுக் கிடக்கிறாள் என்று பாக்கியநாதனிடம் கண்கலங்கச் சொன்னதும் இவனே. அவனும் ஊருக்குக் கிளம்பிவிட்டான். எரோணி மட்டும் எதற்கும் அசையவில்லை. ஒருநாள் சாமியின் கண்ணாடி காணாமல் போய், எரோணியின் பையில் கிடைத்தது. அதை அங்கே வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே எரோணியும் போய்விட்டான்.

காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் முடிந்தது. சாமிக்குப் பிறகு ஆசிரமம் யாருக்கு என்று இனிக் கேட்க ஆளில்லை.

ஆனால் வேறு எதையும் கேட்கவும் ஆளில்லை. சமையல், தோட்டம், மணியடிப்பது எல்லாம் அவனே. பொழுது சாய்ந்தால் அந்த வெறிச்சென்ற கூடம் அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் அனாதை விடுதியில் வளர்ந்தவன். ‘சாப்பிட்டியா?’ என்று அவனை முதன்முதலில் கேட்டது எரோணி. எரோணி போன பிறகு அதைச் சாமி கேட்க ஆரம்பித்திருந்தார். சவரிராயன் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டான்.

அன்று கிரேக்கப் பாடத்தில் ஒரு சொல் வந்தது. பனூர்கியா. ஏவாளை ஏமாற்றிய பாம்பைப் பற்றித் திருத்தூதர் எழுதியது.

“தமிழ்ல தந்திரம்னு போட்டிருக்கு. கெட்டிக்காரத்தனம்தானே சாமி?”

“கெட்டிக்காரத்தனத்துக்குக் கிரேக்கத்துல வேற சொல் இருக்கு.”

“அப்ப இது?”

“சாயங்கால ஜெபத்துல சொல்றேன்.”

ஆசிரமத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்துதான் திருப்பாடல் பாடுவார்கள். ஒரு வரிசை ஓரடி பாடும். எதிர்வரிசை அடுத்த அடியைப் பாடும். ஆள் குறைந்த பிறகு, ஒரு வரிசைக்குச் சவரிராயன், எதிர்வரிசைக்குச் சாமி.

அன்று அவன் முதல் அடியைப் பாடினான். சாமி வாய் திறக்கவில்லை. மறுபடியும் பாடினான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருடைய அடியையும் அவனே பாடினான். பிறகு தன்னுடையதை. அப்படியே முழுப் பாட்டையும் பாடி முடித்தான். சுவரில் பட்டுத் திரும்பிய தன் குரலைக் கேட்கவே அவனுக்குத் துக்கமாக இருந்தது.

“ஏன் சாமி நீங்க பாடல?”

“நீதான் ரெண்டு பக்கத்தையும் பாடிட்டியே. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டல்ல? எதையும் செய்யத் துணியறது.”

சற்று நிறுத்தி, “எதையும்” என்றார்.

சவரிராயன் சாமியின் முகத்திலிருந்து பார்வையை விலக்கினான். எதிரே எரோணியின் பாய் சுருட்டியபடி கிடந்தது.

“உங்களுக்குத் தெரியுமா சாமி?”

“கண்ணாடி கெடச்ச அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா எரோணியைப் போக விட்டீங்க?”

“‘நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், நீ இரு’ன்னு எரோணிகிட்ட சொன்னேன். உன்னைத்தான் அனுப்பறதா இருந்தேன்.”

“அப்புறம் ஏன் அனுப்பல?”

“அவன் விடல. ‘எனக்கு வீடு இருக்கு சாமி, சவரிக்கு இதை விட்டா வேற இடமில்ல, நான் போறேன்’னு சொன்னான்.”

சவரிராயன் தலை குனிந்திருந்தான். அழுகை வந்தது.

“ஒரு தடவைகூட என்னைத் திட்டலையே சாமி. தினம் சாப்பிட்டியான்னுதானே கேட்டீங்க?”

சாமி கையை ஊன்றி மெல்ல எழுந்தார்.

“அது நான் கேக்கறதில்லப்பா. போறப்ப எரோணி கேக்கச் சொல்லிட்டுப் போனது.”