தண்ணியை யாரு வெட்டுனது?

"அம்மா, ஒருத்தன் நம்ம மடத்தை உடைக்கிறான்"ன்னாரு குலசேகரன்.

ஹாஸ்டல் வார்டனா இருந்து ரிட்டயராகி, சீடரா வந்து சேர்ந்தவர். மடத்து நிர்வாகம் இப்ப அவர் கையில.

மடத்துக்குக் குருவான அம்மா அவரைவிட பதினஞ்சு வயசு சின்னவங்க. துறவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. முடி மாதிரி மெல்லிசான குழாய்ல தண்ணியை ஓட விட்டு, சொட்டு சொட்டா உடைக்கிற வேலை.

"யாரு உடைக்கிறது?"

"சமையக்காரன் தங்கப்பழம். நான் இல்லாதப்ப என்னை மாதிரியே பேசிக் காட்டுறான். ஒரே சிரிப்பு. அப்புறம் ஒவ்வொரு சீடரா மூட்டையைக் கட்டுறாங்க. அவனை இன்னிக்கே அனுப்பிடுங்க."

"நல்லாப் பேசுறானா?"

"அம்மா!"

"சரி, சரி. எல்லாரும் ஒண்ணா இருக்க நீங்க என்ன பண்றீங்க ஐயா?"

குலசேகரன் நிமிந்து உக்காந்தாரு.

"மணி அடிச்சா ஒண்ணா எந்திரிக்கணும். ஒண்ணா சாப்பிடணும். ரெண்டு பேரு தனியா நின்னு பேசக் கூடாது. ஒருத்தர் போயிட்டா, மிச்சம் இருக்கிறவங்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிப்பேன்."

லிங்கத்துக்கு மேல தொங்க விடுற தாராப் பாத்திரம் ஒண்ணு பழசு கிடந்துச்சு. அம்மா அதைக் கூடத்துக் கொக்கியில மாட்டி, தண்ணி ஊத்தி, கீழ வாளியை வச்சாங்க. அடி ஓட்டை வழியா மெல்லிசா தண்ணி இறங்குச்சு.

"ஓட்டைக்கிட்ட விரலை வைங்க."

வச்சாரு. நூலு மாதிரி வழவழன்னு ஓடுச்சு.

"இப்ப கீழ."

படபடன்னு தட்டுச்சு. அத்தனையும் சொட்டு.

"நடுவுல எவன் வெட்டுனான்? கண்டுபுடிங்க."

வார்டனாச்சே, விடுவாரா? ஜன்னலைச் சாத்துனாரு. ஃபேனை நிறுத்துனாரு. ஓட்டையில தூசி இருக்கான்னு துடைச்சாரு. கடைசியில தன் மூச்சையே அடக்கிக்கிட்டாரு. கண்ணு ரெண்டும் பிதுங்குச்சு.

தண்ணி பாட்டுக்கு உடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"யாரும் இல்லம்மா. தண்ணி மட்டும்தான் இருக்கு."

"அதேதான். தண்ணி தன்னைத்தானே சுத்திப் புடிச்சு இறுக்குது. இறுக்குற இறுக்குல இடுப்பு ஒடியுது."

சோப்பு மாதிரி நுரைக்கிற பூந்திக்கொட்டை ஊறுன தண்ணியை எடுத்து, பாத்திரத்துல கொஞ்சம் கலந்தாங்க.

நூலு அறுபடாம இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் வந்துச்சு.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"தண்ணியோட பிடியைக் கொஞ்சம் தளர்த்துனேன்."

குலசேகரன் அந்தத் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"அப்ப வெளிய போக வேண்டியது தங்கப்பழம் இல்ல. நான்தான். இப்பவே கிளம்புறேன்."

அம்மா சிரிச்சாங்க.

"பாத்தீங்களா? மறுபடியும் இறுக்குறீங்க, இப்ப உங்களையே."