மயில் படகில் ஒரு முழம்

முன்னொரு காலத்தில் கனகசேனர் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், அவர் மானம் போய்விடும். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பொருள்மேல் ஆசை வைத்துவிட்டால் அது அன்றைக்கே கைக்கு வந்தாக வேண்டும். நாளைக்கு என்ற சொல்லே அவருக்கு வேப்பங்காய்.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து நாகரத்தினம் என்ற வணிகர், நாற்பது மாடு பூட்டி இழுத்த வண்டியில் ஓர் உல்லாசப் படகைக் கொண்டுவந்து அரண்மனைக்கு எதிரே ஏரிக்கரையில் இறக்கினார். இருபது முழ நீளம். முன்னால் மயிலின் முகம், பின்னால் விரித்த தோகை, நடுவில் பட்டு விதானம். ராஜா பார்த்தார். அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"விலை என்ன?" என்று கேட்டார்.

"ரொக்கமாகக் கொடுத்தால் பத்தாயிரம் பொன், மகாராஜா."

ராஜாவின் சொந்தச் செலவுப் பெட்டியில் இருந்ததோ ஆறாயிரம். விளையாட்டுக்கும் வேடிக்கைக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும், நாட்டுக் கஜானாவைத் தொடக்கூடாது. ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று.

அதற்காகவே காத்திருந்தவர்போலப் பொக்கிஷ அதிகாரி விருத்தகிரி எழுந்தார். "மன்னர் பெருமானே, ஏன் வாட்டம்? மாதம் எண்ணூறு பொன் வீதம் இருபது மாதத் தவணை. முதல் தவணையைக் கொடுத்ததும் படகில் ஏறிவிடலாம். சின்னதாக ஓர் ஈடு மட்டும் எழுதித் தந்தால் போதும்."

"என்ன ஈடு?"

"ஏரியின் மதகு. ஒரு தவணை தவறினால் மதகு வணிகரைச் சேரும். தங்களுக்காவது, தவறுவதாவது!"

சபையின் மூலையிலிருந்து இருமல் கேட்டது. இருமியவர் அரசவை விகடகவி பஞ்சநதம். குடுமி சிறியது, வாய் பெரியது.

"மன்னா, கூட்டிப் பார்த்தால் பதினாறாயிரம் ஆகிறது. அதுகூடப் போகட்டும். பதினெட்டு ஊர் வயல்கள் அந்த மதகை நம்பி இருக்கின்றன. ஒரு தவணை தவறினால் குடிகள் தண்ணீருக்கு வணிகரிடம் காசு கொடுக்க வேண்டிவரும். ஒரு வருடம் பொறுத்தால் தங்கள் பெட்டி நிறைந்துவிடும், ரொக்கமாகவே வாங்கலாம்."

"ஒரு வருடமா? அதுவரை நான் கரையில் நின்று மீனை எண்ணவா?" என்று ராஜா எரிந்து விழுந்தார்.

விருத்தகிரிக்குப் பஞ்சநதத்தைக் கண்டாலே ஆகாது. ராஜா சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று கைகட்டி நின்றார்.

"மன்னர் பெருமானே, இவ்வளவு அக்கறை உள்ளவரையே படகுக்கு மணியக்காரர் ஆக்குங்கள். தவணை ஓலையில் உள்ளபடி எல்லாவற்றையும் இவரே நடத்தட்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

என்றாவது ஒரு மாதம் பணம் ஒரு நாள் தாமதமாகும், விகடகவி எல்லை தாண்டி நடப்பார் என்பது அவர் கணக்கு. "அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. முத்திரை விழுந்தது, எண்ணூறு பொன் கைமாறியது. பஞ்சநதம் ஓலையை வாங்கி மூன்று தடவை படித்தார். முதல் இரண்டு தடவை அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாம் தடவை மீசையைத் தடவிக்கொண்டு, ஓலையை வணிகரிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளோட்ட நாள் வந்தது. ஏரிக்கரையில் பதினெட்டு ஊர் ஜனமும் கூடிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு நீரில் இறங்கும்போது அதற்கு உடையவர்தான் தேங்காய் உடைத்து முதலில் வலது காலை வைக்க வேண்டும். வேறு யார் கால் முதலில் பட்டாலும் படகோட்டிகள் துடுப்பைத் தொடவே மாட்டார்கள்.

ராஜா பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்தார்.

"மன்னா, பொறுங்கள்!" என்றார் பஞ்சநதம். "ஓலையின் ஐந்தாம் வரி சொல்கிறது: செலுத்திய பங்கு அரசருடையது, செலுத்தாத பங்கு வணிகருடையது. இருபதில் பத்தொன்பது பங்கு இன்னும் நாகரத்தினத்துடையது. தேங்காயை அவரிடம் கொடுங்கள்."

"என்ன உளறுகிறீர்?"

"ஓர் எழுத்துப் பிசகினால் நான் நாட்டை விட்டுப் போக வேண்டுமே, மன்னா. தங்கள் கட்டளை."

படகோட்டிகள் தலையை ஆட்டினார்கள். தூக்கிய கால் தூக்கியபடியே ராஜா நின்றார். பாவம், எவ்வளவு நேரம் நிற்பது? காலைக் கீழே வைத்தார்.

பாதி பயமும் பாதி பெருமையுமாக நாகரத்தினம் தேங்காயை உடைத்து ஏறினார். உடையவர் ஏறிவிட்டால் உறவு சும்மா இருக்குமா? மனைவி, நான்கு பிள்ளைகள், ஊறுகாய் ஜாடியும் பாயுமாக மாமியார் உலகாம்பாள், எல்லாரும் ஏறினார்கள். பஞ்சநதம் சுண்ணாம்பை எடுத்துத் தோகைப் பக்கம் ஒரு முழம் அளந்து கோடு போட்டார்.

"மன்னா, இது தங்கள் முழம்."

முழங்கால் இரண்டும் மோவாயில் இடிக்க ராஜா அதில் உட்கார்ந்தார். குடை பிடிப்பவனுக்கு இடமில்லை. அவன் கரையிலேயே நின்று குடையை உயர்த்திக் காட்டினான். படகு நகர்ந்தது. உலகாம்பாளின் ஊறுகாய் ஜாடி சரிந்து ராஜாவின் விலாவில் சாய்ந்தது.

"மயிலின் முகத்தையாவது நான் தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார் ராஜா.

"முகம் இருபதாம் மாதம் வரும், மன்னா. இப்போதைக்குத் தோகை நுனிதான்."

விருத்தகிரியோ விதானத்தின் கீழே திண்டில் சாய்ந்து சுகமாகக் கால் நீட்டியிருந்தார். உலகாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருய்யா நீர்? எங்க இடத்துல காலை நீட்டிக்கிட்டு? ராஜாவே அங்க ஒரு முழத்துல மடங்கி உக்காந்திருக்கார். எழுந்திரும்யா!"

"அம்மா கேட்பது நியாயம்தான்" என்றார் பஞ்சநதம். "இவர் அரசரின் முழத்திலும் இல்லை. வணிகரின் குடும்பமும் இல்லை. ஓலையில் இவருக்கு இடமே கிடையாது. இறக்கிவிட வேண்டியதுதான்."

படகு அப்போது நடு ஏரியில் இருந்தது. விருத்தகிரிக்கு நீச்சல் தெரியாது. இரண்டு படகோட்டிகள் அவர் தோளைப் பிடித்ததும் அலறிவிட்டார்.

"நாகரத்தினம், நீர் சொல்லுமய்யா!"

வணிகர் பதறிப்போனார். பதற்றத்தில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே மறந்துவிட்டது.

"விடுங்க அத்தை! இருபது தவணையில ரெண்டு இவருக்குத்தான்னு பேச்சு. ராஜாவைத் தவணைக்குச் சம்மதிக்க வெச்சதே இவர்தானே! ரெண்டு முழம் உக்காந்துட்டுப் போகட்டும்."

துடுப்புகள் நின்றன. ராஜா மெல்ல எழுந்தார். ஊறுகாய் எண்ணெய் பட்டு வேட்டியில் வடிந்துகொண்டிருந்தது. "கரைக்குத் திருப்புங்கள்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

கரை சேர்ந்ததும் நாகரத்தினம் காலில் விழுந்து ஓலையை நீட்டினார். ராஜா அதை வாங்கி, மதகு என்று எழுதியிருந்த இடத்தை ஒருதரம் பார்த்தார். கரையில் நின்ற உழவர்களையும் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓலையை நான்காகக் கிழித்தார். பஞ்சநதத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"படகை எடுத்துக்கொண்டு போம்" என்றார் ராஜா. சொன்னாரே தவிர, கண் மயில் முகத்தை விட்டு அகலவில்லை.

பஞ்சநதம் வணிகரின் பக்கத்தில் போய் நின்றார். "திரும்ப நாற்பது மாடு பிடிக்க வேண்டும். மாட்டுக்குத் தீனி போட வேண்டும். போகிற வழியில் மயில் படகு யார் வாங்குவார்கள்? படகுக்கு மொத்தம் ஐயாயிரம் பொன் தருகிறோம். எண்ணூறு ஏற்கெனவே உம்மிடம் வந்துவிட்டது. மீதி நாலாயிரத்து இருநூறு இப்போதே, இங்கேயே."

நாகரத்தினம் விரலை மடக்கினார், பெருமூச்சு விட்டார், "சரி" என்றார்.

ராஜாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மயில் முழுசாக அவருடையதாயிற்று. அவரே தேங்காய் உடைத்து, வலது காலை வைத்து, நேராகப் போய் மயிலின் முகத்தைத் தடவிக் கொடுத்தார்.

"விருத்தகிரி, உமக்கும் தவணைதான்" என்றார் அங்கிருந்தே. "பதவி இன்றோடு போயிற்று. இருபது மாதம், மாதம் ஒரு நாள், இந்தப் படகுக்குத் துடுப்புப் போட வேண்டும். ஒரு தவணையும் தவறக்கூடாது."

பிறகு விகடகவியைப் பார்த்துக் குறும்பாகக் கண்ணைச் சிமிட்டினார். "பஞ்சநதம், என் பெட்டியில் ஆயிரம் பொன் மிச்சம் இருக்கிறது. அவ்வளவும் உமக்குப் பரிசு. மாதம் ஐம்பது வீதம் இருபது மாதத்தில் தருகிறேன். சம்மதமா?"

பஞ்சநதம் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"மன்னா, ஐந்நூறே போதும். இப்போதே கொடுத்துவிடுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. பெட்டியை அங்கேயே கொண்டுவரச் சொல்லி, ஆயிரம் பொன்னையும் அவர் மேல்துண்டில் கொட்டினார்.